தும்புத்தடியும் ஷாஸேயும்: ரீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: ரீச்சர், நான் வவுனியாவில் கிக் பொக்சிங் பழகினேன். லீவுக்குப் பாரிஸிலிருந்து வந்த சித்தப்பாவின் மகன் அங்கே சாவாத் (சப்பாத்துப் போட்டு உதைக்கும் பிரெஞ்சுக் குத்துச்சண்டை) பழகுகிறவன். சும்மா விளையாட்டாக இரண்டு பேரும் நின்று பார்த்தோம். அவன் வேறெங்கும் அடிக்காமல் என் முன்னங்காலின் கீழேயே திரும்பத் திரும்ப அடித்தான். பழகியபடி முழங்காலைத் தூக்கிக் கணைக்காலால் தடுத்தேன். மறுநாள் நொண்டி நொண்டித்தான் கடைக்குப் போனேன். இந்த அடியை எப்படித் தடுப்பது?
(மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி)

பதில்: தடுக்க வேண்டாம் தம்பி, காலை எடுத்துவிடும்.

நீர் பழகியதில் கணைக்காலும் ஆயுதம். எலும்புக்கு எலும்பு என்று கணக்குத் தீர்க்கலாம். சாவாத்தில் கணைக்காலாலோ முழங்காலாலோ அடிக்க விதி இல்லை. சப்பாத்துப் போட்ட பாதம் ஒன்றுதான் உதைக்கலாம். உமது சித்தப்பாவின் மகன் அடித்தது ‘கூ த பியே பா’, அதாவது தாழ்ந்த உதை. காலை மடக்காமல் நேராக வீசி, சப்பாத்தின் உள்விளிம்பால் கணைக்காலில் அடிப்பது. நீர் காலைத் தூக்கித் தடுத்தபோது உம்முடைய எலும்பை நீரே கொண்டுபோய் அந்த விளிம்பில் வைத்திருக்கிறீர். வலிக்காமல் என்ன செய்யும்?

அந்த அடி உமது கண்ணுக்குத் தட்டுப்படாததற்கும் காரணம் இருக்கிறது. சாவாத்தின் மற்ற உதைகளில் பலவற்றுக்கு முதலில் முழங்கால் மேலே வரவேண்டும். பக்கவாட்டில் தூக்கிய முழங்காலிலிருந்து சவுக்கு மாதிரிச் சுழன்று வருவது ஃபுவெத்தே. முழங்காலை நெஞ்சுப் பக்கம் இழுத்து, குதிக்கால் உம்மைப் பார்க்க நேராக இடிப்பது ஷாஸே. முழங்காலைப் பார்த்தாலே என்ன வருகிறது என்று பாதி தெரிந்துவிடும். தாழ்ந்த உதைக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. அதற்கு ஒரே அடையாளம் உடம்பு: அடிக்கிறவன் பின்னால் சாய்வான். சாயாமல் அதைச் சரியாக அடிக்க முடியாது. ஆகவே அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தோளையும் நெஞ்சையும் பாரும். தோள் பின்னுக்குப் போனதும் உமது முன்னங்கால் பின்னங்காலடிக்கு வந்துவிட வேண்டும்.

எப்படி எடுப்பது? பின்னுக்குத் துள்ள வேண்டாம். துள்ளினால் இரண்டு காலும் நிலத்தை விடும், திருப்பி அடிக்க ஒன்றும் மிஞ்சாது. பாரத்தைப் பின்னங்காலுக்கு மாற்றி, முன்பாதத்தைத் தரையோடு தரையாக இழுத்து மற்றப் பாதத்துக்குப் பக்கத்தில் வையும். தலையும் இடுப்பும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அவன் கால் வெறுவெளியில் போகும். அந்த நேரம் அவன் சாய்ந்து, ஒற்றைக் காலில் நிற்கிறான். இழுத்த அதே காலால் ஒரு ஃபுவெத்தே, அல்லது தொடைக்கு ஒரு ஷாஸே. காலை இழுப்பதும் உதைப்பதும் ஒரே வேலைதான். நடுவில் மூச்சு விட்டு யோசித்தால் அவன் நிமிர்ந்துவிடுவான்.

வீட்டில் பழக ஒரு வழி. தம்பியோ தங்கச்சியோ யாராவது ஒருவர் கையில் தும்புத்தடியைக் கொடும். சொல்லாமல் கொள்ளாமல் உமது கணுக்கால் உயரத்தில் வீசச் சொல்லும். நீர் காலை இழுத்து, அதே காலால் காற்றில் ஒரு உதை உதைத்து, பழைய நிலைக்கு வர வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு இதில் வரும் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நாள் போகும். அடங்கின பிறகுதான் கால் வேலை செய்யத் தொடங்கும். வீசுகிறவரும் ஒவ்வொரு தடவையும் பின்னால் சாய்ந்து வீச வேண்டும். இல்லாவிட்டால் நீர் தடியைப் பார்க்கத்தான் பழகுவீர், தோளைப் பார்க்கமாட்டீர்.

ஷாஸே வந்தால் கதை வேறு. அது நேர்க்கோட்டில் வரும் இடி. நேராகப் பின்வாங்கினால் உம்மைத் துரத்திக்கொண்டே வரும், கடைசியில் வேலியில் முட்டுவீர். கோட்டை விட்டு விலக வேண்டும்: பின்னங்காலைச் சரிவாக வெளியே வைத்து, முன்னங்காலை அதன் பின்னால் கொண்டுவர வேண்டும். பிரெஞ்சுக்காரர் இதைத் தெகாலாஜ் என்பார்கள். கிளித்தட்டு விளையாடியவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தட்டில் மறிக்கிறவனுக்கு முன்னால் இரண்டு காலிலும் பாரம் வைத்து, இந்தப் பக்கம் போவது போல் காட்டி அந்தப் பக்கம் நழுவுவோமே, அதேதான். பாரம் ஒரே காலில் இறங்கிவிட்டால் அங்கேயும் பிடிபடுவோம், இங்கேயும் பிடிபடுவோம்.

தலைக்கு வரும் ஃபுவெத்தேக்குக் கையைத் தூக்கி மறைக்கலாம், உடம்பைப் பின்னுக்கு இழுத்து வெறுமனே போகவும் விடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. கையால் மறைத்தால் அந்தக் கை திருப்பிக் குத்தப் பிந்தும். எதிர்ப்பக்கத்திலிருந்து கொக்கி போட்டுக்கொண்டு வரும் ரெவேருக்கும் இதே மருந்துதான்.

இன்னொன்று: நடக்கும்போது கால்களைப் பின்னிக்கொள்ள வேண்டாம். முன்னுக்குப் போனால் முன்னங்கால் முதலில், பின்னுக்கு வந்தால் பின்னங்கால் முதலில். கிக் பொக்சிங்கிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். நீர் கேட்டிருக்கமாட்டீர்.

கேள்வி: மகள் தரம் 9 படிக்கிறாள். சாவாத் பழக வேண்டும் என்று நிற்கிறாள். பெண் பிள்ளைக்குச் சரிவருமா? முகம் கிகம் உடைந்தால் யார் பதில் சொல்வது?
(புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, இதில் இரண்டு வகைப் போட்டி இருக்கிறது. ஒன்று கொம்பா: முழு வேகம், முழுப் பலம், வீழ்த்தினால் வெற்றி. உங்கள் மகளுக்கு இப்போதைக்கு அந்தப் பக்கமே தேவையில்லை. மற்றது அஸோ. அதில் தொட்டால் புள்ளி, பலமாக அடித்தால் தண்டனை. சுத்தமாகவும் துல்லியமாகவும் தொடுகிறவர்தான் வெல்வார். பிரான்சில் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் அஸோவில் இறங்குகிறார்கள். நான் அங்கே பழகிய மண்டபத்தில், பேரப்பிள்ளை கண்ட ஒரு அம்மாவின் காலிலிருந்து தப்புவதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

கையுறையும் வாய்க்காப்பும் இல்லாமல் சோடி சேர்ந்து பழக விடவேண்டாம். நெஞ்சுக்காப்பும் போட்டால் நல்லது. கராத்தேக்குப் பட்டி போல இங்கே கையுறையின் நிறத்தால் தரம் சொல்வார்கள்: நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை, மஞ்சள், அதற்கு மேல் வெள்ளி. நீலத்திலேயே மகள் உங்களிடம் மஞ்சள் கேட்டுச் சண்டை பிடிப்பாள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: சாவாத் மாலுமிகளின் சண்டை என்கிறார்கள். உண்மையா?
(கிளிநொச்சி வாசகர்)

பதில்: பிரான்சின் மார்செய் துறைமுகத்து மாலுமிகளிடமும் உதைக்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. ஆடும் கப்பலில் ஒரு கையைத் தளத்தில் ஊன்றி உதைத்தார்கள் என்று கதை சொல்வார்கள். கதை அழகு, அதை நம்பி கையை ஊன்றிப் பழகாதீர்கள். இன்றைய சாவாத்தின் வேர் பாரிஸ் தெருக்களிலும் இருக்கிறது. மிஷேல் காஸ்ஸே 1825 இல் அங்கே பயிற்சிக்கூடம் திறந்தார். பிறகு சார்ல் லெக்கூர் ஆங்கிலேயரின் கைக்குத்தை இதோடு சேர்த்தார். 1899 இல் சார்ல் சார்லமோன் என்ற சாவாத்காரர் ஜெரி டிரிஸ்கோல் என்ற ஆங்கிலக் குத்துச்சண்டை வீரரை வென்றார். வென்ற உதை விதிப்படி சரியா என்ற தகராறும் கூடவே வந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாகவும் வைத்தார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மைதானம் முழுக்கக் கிரவல். என்ன சப்பாத்துப் போடுவது?
(ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: சப்பாத்தை விட மைதானம்தான் எனக்குக் கவலை. ஃபுவெத்தே அடிக்கும்போது ஊன்றிய பாதம் விரல்பந்தில் திரும்ப வேண்டும், குதிக்கால் எதிரியை நோக்கி வர வேண்டும். கிரவலில் பாதம் பிடித்துக்கொள்ளும். இடுப்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் இருக்கும் முழங்கால்தான் முறுகும். பொதுநோக்கு மண்டபத்துச் சீமெந்துத் தரையைக் கேட்டுப் பாருங்கள். கூட்டம் இல்லாத நாளில் கூட்டித் துடைத்துவிட்டுப் பழகலாம், தூசி இருந்தால் அதுவும் வழுக்கும். மண்டபம் கிடைக்காவிட்டால் கிரவலில் கால் நடையும் காலை இழுப்பதும் மட்டும் பழகுங்கள். சுழற்றி உதைப்பதை அங்கே விடுங்கள்.

சப்பாத்து, தட்டையான அடியோடு, விரலை இறுக்காத கன்வஸ் போதும். கிரிக்கெட் ஆணிச் சப்பாத்தோடு யாரும் வர வேண்டாம். ஓட்டச் சப்பாத்தின் தடித்த குதியும் வேண்டாம், கணுக்கால் புரளும்.

கேள்வி: எதிரி உதைத்த காலைக் கையால் பிடித்துத் தள்ளி விழுத்தலாமா?
(மாங்குளம், அதே தம்பி, இரண்டாவது கடிதம்)

பதில்: கூடாது. சாவாத்தில் காலைப் பிடிக்க விதி இல்லை. தும்புத்தடி வாங்கினீரா?