வந்தவர்கள் ஏன் நிற்கவில்லை?

அன்புள்ள ஐயா,

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பாடகர் குழுவுக்கு நான் பொறுப்பு. ஞாயிறு இரண்டாம் பூசைக்கு ஆறு பேர் பாடுகிறோம், ஐந்து பேர் பெண்கள். "எட்டு வயதிலிருந்து எண்பது வரை யாரும் வரலாம்" என்று மூன்று வாரம் பூசை முடிவில் அறிவிப்புக் கொடுத்தோம். நான்கு பேர் வந்தார்கள். இன்று அவர்களில் ஒருவரும் இல்லை. இளைஞர்களை மட்டும் வைத்துப் புதிதாகத் தொடங்கலாம் என்கிறார் உபதேசியார். நீங்களும் கோவிலில் பாடியவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

வந்த அந்த நான்கு பேரும் கோவிலில் எந்த இடத்தில் நின்றார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

நம்மூர்ப் பாடகர் குழு என்றால் ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், இரண்டோ மூன்றோ மைக். மைக் பிடிப்பவர்கள் நிரந்தரம். புதியவர் பின்வரிசையில் நின்று, பக்கத்து ஆளின் செல்போனை எட்டிப் பார்த்துப் பாடுவார். தான் வாயை மூடிக்கொண்டாலும் ஸ்பீக்கரில் ஒன்றும் குறையாது என்பது மூன்றாவது வாரம் அவருக்கே தெரிந்துவிடும். அப்புறம் சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சிக்கு எதற்கு வருவார்?

ஸ்கேலும் ஒரு காரணம். முன்னால் நின்று பாடும் பெண்ணின் குரலுக்கு வைத்த சுருதியில் பெரும்பாலான ஆண்களுக்கு மேலே எட்டாது. கீழே பாடினால் முனகல்தான். 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் கோவில் இசை பற்றி எழுதியபோது, பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை, உச்சக் குரலுக்குச் சிறுவர்களை வையுங்கள் என்றார். 1967இல் வந்த உரோமை ஏடு ஆணும் பெண்ணும் கலந்த குழுவை ஏற்றுக்கொண்டது. இப்போது ஆண்களைத் தேடி நாம் அறிவிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்! பாட்டை இரண்டு ஸ்கேல் இறக்கிப் பாருங்கள். பெஞ்சில் இருப்பவர்களும் சேர்ந்து பாடுவார்கள்.

இளைஞர் மட்டும் என்ற யோசனை வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் அடக்கப் பூசை வந்தால் யார் பாடுவது? கல்லூரிக்கும் வேலைக்கும் போனவர்கள் வர முடியாது. ஓய்வுபெற்ற டீச்சரும் பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாத்தாவும்தான் வருவார்கள். பழைய பாட்டெல்லாம் அவர்களுக்குப் புத்தகம் இல்லாமலே வரும்.

பையன்கள் விஷயத்தில் எனக்குச் சொந்தக் கதை உண்டு. 13 வயதில் கிறிஸ்துமஸ் பயிற்சியின்போது எனக்கு மகரக்கட்டு உடைந்தது. பூசையில் பாடும் 'உன்னதங்களிலே' கீதத்தின் பாதியில் குரல் பிசிறி, பெண்கள் வரிசையே சிரித்தது. "கொஞ்ச நாள் கீழே உட்காருடா" என்றார் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கொஞ்ச நாள் 22 வருடம் ஆகிவிட்டது. அந்த வயதுப் பையனை அனுப்பிவிடாதீர்கள். பாட்டு எண் மாட்டுவது, மைக் வயர் இழுப்பது, தபேலா என்று ஏதாவது அவன் கையில் இருக்கட்டும்.

சரி, ஆளை எப்படிப் பிடிப்பது? ஒரு ஞாயிறு குழுவோடு நிற்காமல் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். காணிக்கைப் பாடலில் யார் குரல் சுருதியோடு வருகிறது என்று காது கொடுங்கள். பூசை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது அவரிடம் நேராகப் போய், "கிறிஸ்துமஸ் வரைக்கும் மட்டும் வாங்க" என்று கேளுங்கள். காலம் முழுக்க என்றால் தயங்குவார்கள், இரண்டு மாதம் என்றால் சம்மதிப்பார்கள்.

முதல் வேலையாக, முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலின் பல்லவியைக் கொடுங்கள். ஒரே வரி, நான்கைந்து தடவை வரும். சரணத்தைத் தேர்ந்தவர் பாடட்டும். பல்லவி வரும்போது மைக் புதியவர்கள் பக்கம் திரும்ப வேண்டும். பழைய ஆட்களுக்கு மனத்தாங்கல் வரும். சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' முடிந்ததும், சனி இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வரை கீபோர்டை மூடிவைக்கும் கோவில்கள் உண்டு. உங்கள் கோவிலிலும் அப்படித்தான் என்றால், பெரிய வெள்ளி அன்று மக்கள் சிலுவையை முத்தமிடும்போது எத்தனை குரல் கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.