ஏஜேஜே யார்?

வணக்கம் சார்,

உங்கள் ரயில் கட்டுரைகளை விரும்பிப் படிப்பவள் என்று பொய் சொல்ல மாட்டேன். அப்பா படிப்பார், பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்வார், அப்படித்தான் உங்கள் பெயர் தெரியும். நாங்கள் ஈரோடு. அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குடும்பத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் என்று ஒருவரும் கிடையாது. ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் ஜங்ஷனுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே இவரைப் போலவே நாலைந்து பேர். இருட்டும்வரை பேசிவிட்டு வருவார்.

அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று ஒருமுறை நானும் கூடப் போனேன். நான் கேட்டது இதுதான்:

"ஏனுங்க, இன்னிக்கு என்னதுங்க?"
"அரக்கோணமுங்க."
"அட. போன வாரம் ராயபுரம் வந்துச்சே."
"அது ஆஃப்லிங்குங்க."
"அதானே பார்த்தேன்."

மூன்று மணி நேரமும் இதே. இருபத்தைந்து வருஷப் பழக்கம், ஆனால் அந்த நாலு பேரில் ஒருவருடைய பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் அப்பாவுக்குத் தெரியவில்லை.

எனக்கு மூன்று வருஷமாக வரன் பார்க்கிறார்கள். போன மாதம் சேலத்து இடமும் தட்டிப்போய்விட்டது. இத்தனை வருஷ சிநேகிதர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தால் எங்கிருந்தாவது நல்ல இடம் வந்திருக்காதா என்று அம்மாவுக்கு ஆற்றாமை. அப்பா அவர்களிடம் மூச்சே விடவில்லையாம். இது நட்பா சார், இல்லை சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதா?

கூடவே அவருடைய நோட்டிலிருந்து இரண்டு வரி எழுதியிருக்கிறேன், அர்த்தம் சொல்லுங்கள். ஏஜேஜே என்றால் யாரோ ஒரு பெண் என்று நினைத்து அம்மா ஒரு காலத்தில் சண்டையே போட்டிருக்கிறார்.

ஞா. 8. ஏஜேஜே வாப்4. 35 லே. பின்னால் டெட் ஜிஓசி ஆல்கோ. டீ 4.
ஞா. 15. ஆர்பிஎம் வாப்7. ரை.டை. சே.இ.த.போ.

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: ஏஜேஜே என்பது அரக்கோணம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ரயில்வேயில் ஒரு சுருக்கக் குறி உண்டு, எஞ்சின் எந்த ஷெட்டை (எஞ்சின்களைப் பராமரிக்கும் கொட்டகையை)ச் சேர்ந்ததோ அந்த ஊர்க் குறியால்தான் நாங்கள் அதைக் கூப்பிடுவோம். உங்கள் ஊர் ஈடி, ராயபுரம் ஆர்பிஎம், திருச்சி பொன்மலை ஜிஓசி. வாப் என்பது அகலப்பாதையில் மின்சாரத்தில் ஓடும் பயணிகள் எஞ்சின். வாப்-4 என்றால் 5050 குதிரைச் சக்தி, வாப்-7 என்றால் 6120. 'என்னதுங்க' என்ற கேள்விக்கு 'அரக்கோணமுங்க' என்ற பதிலின் முழு வடிவம் இதுதான். வழக்கமாக ஒரு வண்டிக்கு இன்ன ஷெட் எஞ்சின் என்று ஒதுக்கியிருப்பது லிங்க், அது மாறி வேறு ஒன்று வந்தால் ஆஃப்லிங்க். எங்கள் உலகத்தில் இந்த 'என்னது?'தான் 'சாப்டாச்சா?'. பதிலுக்காக யாரும் கேட்பதில்லை, அதற்காகக் கேட்காமலும் இருப்பதில்லை.

எட்டாம் தேதி வரியில் விஷயம் இருக்கிறது. அரக்கோணம் எஞ்சின் 35 நிமிஷம் லேட்டாக வந்தது, அதன் பின்னால் பொன்மலை ஆல்கோ டீசல் ஒன்றை ஓட்டத்தில் இல்லாமல் சும்மா மாட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதுதான் 'டெட்'. உங்கள் அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

ஆல்கோ என்பது அமெரிக்கக் கம்பெனி. அதன் இந்த வகை எஞ்சின்கள் 1962-இல் இங்கே இறங்கின, 1964 முதல் வாரணாசியிலேயே கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கம்பெனி 1969-இல் அமெரிக்காவில் எஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டது, நம்மூரில் அதே வடிவம் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் பிறந்துகொண்டே இருந்தது. நின்ற இடத்தில் அது 'தக்... தக்... தடக்' என்று ஒரு அடி தப்பி அடிக்கும் பாருங்கள், இதயநோய்க்காரர் மாதிரி. டிரைவர் பிடியைச் சட்டென்று ஏற்றினால் டீசல் உடனே பாய்ந்துவிடும், டர்போ சுற்றி அதற்குத் தேவையான காற்றைக் கொடுக்கக் கொஞ்சம் நேரமாகும், அந்த இடைவெளியில் எரியாத டீசல்தான் கன்னங்கரேல் என்று புகையாக மேலே போகும். சுற்றுச்சூழல் கணக்கில் அது பாவம்தான், மறுக்கவில்லை. பின்னால் வந்த ஈஎம்டி (இன்னொரு அமெரிக்கக் கம்பெனி) டீசல்கள் டூ ஸ்ட்ரோக், ஒரே சீராக ஹூம் என்று போகும், 4000 குதிரை, குறையே சொல்ல முடியாது. புல்லட் ஓட்டிப் பழகியவனிடம் போய் வேறு வண்டியின் மைலேஜைச் சொன்னால் எப்படிக் கேட்பான்?

அதிலும் உங்கள் ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சேலம் பக்கமிருந்து வந்து கரூர் பக்கம் போகும் வண்டி ஈரோட்டில் திரும்பித்தான் போக வேண்டும், அதனால் எஞ்சின் கழன்று மறுமுனைக்குப் போக வேண்டும். கரூர் லைனில் மின்கம்பி இல்லாத காலத்தில் எலெக்ட்ரிக் கழன்று டீசல் வந்து மாட்டும். பாயிண்ட்ஸ்மேன் இரண்டுக்கும் நடுவில் இறங்கி, கப்ளிங் திருகைக் கழற்றி, பிரேக் குழாயைப் பிரித்ததும் 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு வரும். பயணிகள் அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டில் வாங்குவார்கள். எங்களுக்கு அதுதான் கச்சேரி. மெட்ராஸிலிருந்து அதைப் பார்ப்பதற்கென்றே நான் இரண்டு முறை வந்திருக்கிறேன், அநேகமாக உங்கள் அப்பா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். எங்கள் கூட்டம் தாம்பரத்தில். பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும், அதனால் பேச்சுக்கு நடுவே யாராவது ஒருவர் எழுந்துபோய் எல்லோருக்கும் மறுபடி வாங்கி வருவார். பேச்சில் முக்கால்வாசி தகராறு. வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15-இல் மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலமுள்ள பழைய குறுகிய பாதையில், ஓட ஆரம்பித்தது என்பதில் சண்டையில்லை, ஆனால் முதல் நாள் ஒரு எஞ்சினா இரண்டு எஞ்சினா என்பதில் பதினைந்து வருஷமாக வழக்கு நடக்கிறது. தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார வண்டி 1931-இல் தொடங்கி 2004 ஜூலை 1-இல் நின்றது, கடைசி நாளில் நாங்கள் ஆறு பேரும் ஏறியிருந்தோம். அன்றைக்கு மழை பெய்ததா இல்லையா என்பதில் இன்றுவரை மூன்றுக்கு மூன்று. நான் பெய்யவில்லை கட்சி.

இன்னொருவர் இருக்கிறார், வண்டியில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். மீட்டர் கேஜ் தண்டவாளத்துண்டு 12 மீட்டர் நீளம், ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் 'டடக்' என்னும். 43 வினாடியில் எத்தனை 'டடக்' கேட்கிறதோ அதுதான் அப்போதைய வேகம், கிலோமீட்டர் கணக்கில். 58 கேட்டால் 58 கிலோமீட்டர். அகலப்பாதையில் துண்டு 13 மீட்டர், 47 வினாடி எண்ண வேண்டும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். இப்போது தண்டவாளத்தை நீளநீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள், சத்தமே வருவதில்லை. கையில் இருக்கும் போனே வேகத்தைச் சொல்லிவிடும். அவர் இன்னும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காததால், ஜன்னலைப் பார்க்கிறார்.

பையன் என்ன செய்கிறான் என்றே தெரியாது என்கிறீர்கள். என் கதையைக் கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவரை 'செங்கோட்டை' என்றே கூப்பிடுவோம். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை என்றால் அவருக்கு உயிர். 2010-இல் அது மீட்டர் கேஜாக நின்று 2018-இல் அகலப்பாதையாகத் திறக்கும்வரை எட்டு வருஷமும் மனிதர் ஏதோ நேர்த்திக்கடனுக்கு விரதம் இருப்பவர் மாதிரி இருந்தார். சேலையூரில் வீடு கட்டியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அடுத்த வாரம் பால் காய்ச்சுறோம், வந்துடுங்க, தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க" என்றார். போனேன். தெருவில் யாரிடம் என்னவென்று கேட்பது? பதினோரு வருஷப் பழக்கம், அவர் பெயர் எனக்குத் தெரியாது. போனில்கூட 'செங்கோட்டை' என்றுதான் பதிந்திருக்கிறது. வாழைமரம் கட்டிய வீடு ஒன்று கண்ணில் பட்டது, வாங்க வாங்க என்றார்கள், மொய்க் கவரைக் கொடுத்தேன், உட்காரவைத்துப் பொங்கலும் வடையும் கேசரியும் போட்டார்கள், வடை அருமை. மாடியில் இருப்பார் என்று ஏறிப் பார்த்தால் சுவரில் மாட்டிய படத்தில் முன்பின் பார்க்காத ஒரு குடும்பம். இறங்கி வந்து அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை, ஹோமத்தில் இருந்திருக்கிறார், ஆனால் நாலு வீடு தள்ளி ஆல்கோ ஹாரன் அலறியது. அதுதான் அவருடைய ரிங்டோன். அங்கேயும் வாழைமரம் கட்டியிருந்தது. முதல் வீட்டில் கவரைத் திருப்பிக் கேட்கவா முடியும்? அவருடைய பெயரை அன்று வாசல் கல்வெட்டில் படித்தேன். இன்றைக்கும் செங்கோட்டைதான்.

இது பெருமை இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இதற்குள்தான் இருக்கிறது. நம் ஊரில் பேச்சு என்றால் என்ன? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் உப்பு வைப்பதற்குள் பக்கத்து ஆள் சொந்த ஊர், வேலை, சம்பளம், வீடு சொந்தமா வாடகையா, பையன் எங்கே, பெண்ணுக்கு ஆச்சா என்று முடித்துவிடுவார். கெட்ட எண்ணம் இல்லை, அக்கறைதான், ஆனால் பதில் நன்றாக இல்லாதவனுக்கு அந்த அக்கறை போலீஸ் விசாரணை மாதிரி. மூன்று வருஷமாகப் பெண்ணுக்கு வரன் தேடும் அப்பாவை ஒரு வாரத்தில் எத்தனை பேர் கேட்பார்கள், நீங்களே எண்ணிப் பாருங்கள். பால் வாங்கும் இடத்தில், கோயிலில், வங்கியில் பழைய சகாக்கள், போனில் உங்கள் பெரியம்மா. ஜங்ஷன் பெஞ்சில் அதை யாரும் கேட்பதில்லை. அங்கே அவரிடம் கேட்பது அரக்கோணமா ராயபுரமா என்று மட்டும்தான். அதற்கு அவரிடம் எப்போதும் பதில் இருக்கிறது.

எனக்கே ஒருமுறை பதினான்கு மாதம் வேலை இல்லாமல் போனது. வீட்டில் உட்கார முடியாமல் வாரநாளிலும் தாம்பரத்துக்குப் போக ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒருவருக்குமே ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "இப்ப வாரநாள்லயும் வர்றீங்க, பகல் குட்ஸ் எல்லாம் நல்லாப் பார்த்திருப்பீங்களே" என்றார். ஆமாம் என்று சொல்லி, பார்த்ததையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டார். அவருக்குக் குட்ஸ் வண்டி பிடிக்கவே பிடிக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அம்மாவின் ஆற்றாமையில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்களில் ஒருவர் நாலு மாதம் வரவில்லை, செங்கல்பட்டுப் பக்கம் உட்கார ஆரம்பித்துவிட்டார் போல என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகிப் படுக்கையில் கிடந்திருக்கிறார். தெரிந்ததும் போய்ப் பார்த்தோம், அவர் மனைவி எங்களுக்குக் காபி கொடுத்தபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் வரன் விஷயத்தில் மட்டும் எங்களை நம்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பையன் எப்படி என்று விசாரித்தால் எந்த வண்டியில் வந்தான், அது எத்தனை நிமிஷம் லேட் என்றுதான் சொல்வோம்.

நோட்டுக்கு வருகிறேன். 'டீ 4' என்பது டீ நாலு, இவர் காசு கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் வேறொருவர் முறை. பதினைந்தாம் தேதி: ராயபுரம் ஷெட்டின் வாப்-7, 'ரை.டை.' என்றால் ரைட் டைம்.

கடைசியில் இருக்கும் 'சே.இ.த.போ.' ரயில்வேயில் கிடையாது. நாற்பது வருஷமாக இந்தக் குறிகளோடு இருக்கிறேன், பழைய டைம்டேபிளில்கூட அப்படி ஒன்று பார்த்ததில்லை. முதல் எழுத்து சேலமாக இருக்கலாம். மீதிக்கு, வரன் பற்றி நீங்களே எழுதிய பத்தியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.