ஐந்தடிக்குள் யார் நிற்கிறார்?

கேள்வி: அக்கா, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும்போது எங்களுக்கு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம் நடத்துகிறான்; ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையாக ஆடுவது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. சித்தப்பா மகன் போர்வீரன், என் தோழி மந்திரவாதி, அவள் தம்பி காயம் ஆற்றும் பூசாரி, நான் ரோக், அதாவது பதுங்கித் தாக்கும் திருடி. கதை பேசும்போது எல்லாம் நன்றாகப் போகிறது. சண்டை வந்தால் என் பாத்திரத்தின் திறன்கள் எழுதிய தாளில் இருப்பவற்றில் எதை எப்போது எடுப்பது என்று எனக்குத் தெரிவதில்லை. ரோக்கின் கூடுதல் அடியான ஸ்னீக் அட்டாக் ஒளிந்திருந்தால்தான் வரும் என்கிறான் அண்ணன். ஒளிய இடமே கிடைப்பதில்லை. ஓடிப் போய்க் குத்துகிறேன். திரும்பி ஓடி வந்தால் முதுகில் வெட்டு விழுகிறது. கடைசி நான்கு சண்டைகளில் மூன்றில் மயங்கி விழுந்தேன். என் முறை வரும்போது நான் யோசிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இருட்டினால் தோட்டத்தில் காட்டெருமை இறங்கிவிடும் என்று தோழியும் தம்பியும் பாதியில் கிளம்புகிறார்கள். பேசாமல் வேறு பாத்திரம் எடுத்துக்கொள்ளட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புத் தங்கைக்கு,

பாத்திரத்தை மாற்றாதே. நீ அனுப்பிய தாளின் படத்தைப் பார்த்தேன். சுறுசுறுப்பு 16, தாக்கும்போது பகடையோடு சேர்வது 5, உன்னை அடிக்க எதிரி எட்ட வேண்டிய கவச எண் 14, நீ தாங்கும் அடியின் அளவான உயிர்ப்புள்ளி 9. முதல் நிலை ரோக்குக்கு இது நல்ல தாள். உன் வீட்டில் ஒரு விதி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. உன் துன்பத்தில் பெரும்பகுதி அதனால் வந்தது.

ஸ்னீக் அட்டாக் என்ற பெயரைக் கேட்டதும் பதுங்கிப் பாய்வதுதான் யாருக்கும் நினைவுக்கு வரும். அதனால் அண்ணன் மேல் கோபப்படாதே. ஆனால் விதி இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, உனக்கு ‘அட்வாண்டேஜ்’ இருக்க வேண்டும். அதாவது இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு. ஒளிந்திருந்து தாக்கினால் அது கிடைக்கும். அண்ணன் சொல்வது இந்த வழியை மட்டும். இன்னொன்று, நீ குறிவைக்கும் எதிரிக்கு ஐந்தடிக்குள் அவனுடைய வேறொரு பகைவர் நினைவோடு நின்றால் போதும். உன் சித்தப்பா மகன் கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தோடு கத்தி மோதிக்கொண்டிருக்கிறானா? அந்தக் கோப்ளின்மேல் உனக்கு ஸ்னீக் அட்டாக் உண்டு. பட்டப்பகலில், எல்லார் கண்ணுக்கும் தெரிய நின்றாலும் உண்டு. இந்த இரண்டாம் வழியில் உனக்கு ‘டிஸ்அட்வாண்டேஜ்’, அதாவது இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுக்கும் நிலை, இருக்கக் கூடாது. ஆயுதம் வில்லாகவோ, குறுவாள், கத்தி போன்ற நுட்ப ஆயுதமாகவோ இருக்க வேண்டும். உன்னிடம் இருப்பவை எல்லாம் அப்படிப்பட்டவைதான்.

பாட்டி வீட்டுத் திண்ணையில் ஆடுபுலி ஆடியிருப்பாய். புலிக்கு எத்தனை பசி இருந்தாலும், ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால்தான் தாவி வெட்ட முடியும். புலி ஆடுகிறவன் எப்போதும் காலிப் புள்ளியைத்தான் தேடுகிறான். ரோக் ஆடுகிறவள் தேட வேண்டியது நண்பன் நிற்கும் புள்ளியை. உன் முறை வந்தவுடன் தாளைப் பார்க்காதே, மேசையைப் பார். எந்த எதிரியின் பக்கத்தில் நம் ஆள் நிற்கிறான்? உன் குறி அந்த எதிரிதான்.

இதனால் என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கோப்ளினுக்குக் கவச எண் 15, உயிர்ப்புள்ளி 7. உன் 5 சேரும் என்பதால், நீ 10 அல்லது அதற்கு மேல் உருட்டினால் அடி படும். இருபதில் பதினொரு வாய்ப்பு. பட்ட அடி ஓர் ஆறுமுகப் பகடையும் கூடச் சுறுசுறுப்பின் 3-உம். ஏழைத் தொட, பகடையில் 4 விழ வேண்டும். ஆகவே உன் அடிகளில் பாதி கோப்ளினைக் கொல்லாமல் விடுகின்றன; அது திருப்பி அடிக்கிறது. ஸ்னீக் அட்டாக் சேர்ந்தால் பகடை இரண்டாகிறது. இரண்டும் சேர்ந்து 4 வந்தால் போதும். 36 சேர்க்கைகளில் 33-இல் அது வந்துவிடும். பட்டால் ஏறத்தாழ நிச்சயமாகச் சாவுதான். ஒரே ஒரு பகடைதானே என்று நினைத்து நீ விட்டுவிட்டது இத்தனை பெரியது.

இனி முதுகில் விழும் வெட்டு. எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிட்டு விலகிப் போனால் அவனுக்கு ஓர் இலவச அடி கிடைக்கிறது. ‘டிஸ்என்கேஜ்’, அதாவது பத்திரமாக விலகும் செயல், எடுத்தால் அது விழாது. ஆனால் முதல் நிலையில் அதற்கு, ஒரு சுற்றுக்கு ஒன்றே ஒன்றான உன் முழு ஆக்‌ஷனும் செலவாகும், குத்த முடியாது. அப்படியானால் கிட்டேயே போகாதே. உன் தாளின் ஓரத்தில் ‘குறுவில்’ என்று எழுதியிருக்கிறது. அதை நீ ஒரு முறைகூட எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். குறுவில்லும் குறுவாளும் ஒரே அடியைத்தான் தருகின்றன. வில் 80 அடி வரை தடையில்லாமல் எய்யும். ஸ்னீக் அட்டாக்குக்கு ஐந்தடிக்குள் நிற்க வேண்டியவன் உன் நண்பன். நீ எங்கே நிற்கிறாய் என்று விதி கேட்பதே இல்லை.

உனக்குள்ள முப்பதடி நடையைப் பிரித்துப் பயன்படுத்தலாம். மரத்தின் பின்னாலிருந்து பத்தடி வெளியே வா, எய், மறுபடி மரத்தின் பின்னால் போ. நண்பனுக்கு நேர் பின்னால் நின்று எய்தால் அவன் உடம்பே எதிரிக்கு மறைப்பாகிக் கவச எண் இரண்டு கூடிவிடும். இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணும் நூற்றுக்கு ஐந்து. ஆகவே சற்று பக்கவாட்டில் நகர்ந்துகொள். எதிரி உன்னருகே வந்துவிட்டால் வில்லால் எய்யாதே, டிஸ்அட்வாண்டேஜ் வரும். அப்போதுதான் கத்திகள். இரு கையிலும் ஒவ்வொன்று வைத்திருந்தால், முதல் குத்து தவறினாலும் போனஸ் ஆக்‌ஷனில் இரண்டாவது குத்து உண்டு. அதில் சுறுசுறுப்பின் 3 சேராது, ஆனால் ஸ்னீக் அட்டாக் சேரும். ஒரு முறைக்கு ஒரு தடவைதான் அது என்பதால், முதலிலேயே சேர்த்துவிட்டால் இரண்டாவதில் கிடையாது.

நீ குழம்புவதற்குக் காரணம் தாளின் அமைப்புதான் என்று எனக்குப் படுகிறது. திறன்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, அவற்றின் விலை பக்கத்தில் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் உன் கையில் இருப்பது ஓர் ஆக்‌ஷன், கொஞ்சம் நடை, ஏதாவது ஒரு திறன் அனுமதித்தால் ஒரு போனஸ் ஆக்‌ஷன், பிறர் முறையில் செலவிட ஒரு ரியாக்‌ஷன். கதைக்குள் அந்தச் சுற்று ஆறு விநாடிதான். ஓர் அஞ்சலட்டை அளவுத் தாளில் உன் திறன்களை இந்த விலைப்படி எழுதிக்கொள். பக்கத்தில், எத்தனை முறை செய்யலாம், எது இருந்தால் செய்யலாம் என்று இரண்டு சொல். அவ்வளவு போதும். முந்தைய ஆள் பகடை உருட்டும்போதே அட்டையைப் பார்த்து முடிவு செய்துவிடு. காட்டெருமை இறங்குவதற்குள் சண்டை முடியும்.

விதிகளில் சண்டைக்கு ஏன் இத்தனை பக்கம் என்று சலிப்பு வரலாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட இந்த ஆட்டம், மேசையில் சிறு பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் ஆடியவர்களிடமிருந்து வந்தது. யார் எங்கே நிற்கிறார் என்பது அதன் எலும்பிலேயே இருக்கிறது.

அதனால் மற்ற மூவரின் தாளையும் ஒரு முறை வாங்கிப் படி. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். போர்வீரன் இரும்பு வலைக் கவசமும் கேடயமும் அணிந்திருந்தால் கவச எண் 18. கோப்ளினின் அடி உன்மேல் இருபதில் பதினொரு முறை படும் என்றால், அவன்மேல் ஏழு முறைதான். முன்னால் நிற்க வேண்டியவன் அவன். உன் தோழியிடம் தூக்க மந்திரம் இருந்தால் எட்டுமுகப் பகடை ஐந்தை உருட்டி, வந்த கூட்டுத்தொகை அளவு உயிர்ப்புள்ளிகளைத் தூங்க வைக்கலாம். சராசரி இருபத்திரண்டரை, மூன்று கோப்ளின்கள் இருபத்தொன்று! ஆனால் மந்திரம் பரவும் வட்டத்துக்குள் குறைந்த உயிர்ப்புள்ளி உள்ளவர் முதலில் விழுவார், நண்பரானாலும் சரி. காயத்தோடு நீ உள்ளே நின்றால் நீதான் முதலில் தூங்குவாய். ஆகவே அவள் மந்திரம் போடும் வரை பொறுத்திரு. தூங்குகிறவனை ஐந்தடிக்குள்ளிருந்து குத்தினால் அட்வாண்டேஜ் உண்டு. பட்டால் பகடைகள் இரட்டிப்பாகும், உன் ஸ்னீக் அட்டாக் பகடையும் சேர்ந்து. உன் கத்திக்கு அதுவே உரிய நேரம்.

பூசாரித் தம்பிக்கு ஒரு சொல். குன்னூரில் நாங்கள் ஆடத் தொடங்கிய காலம். ஒரு மழை நாள் மாலை, மின்சாரம் போய் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். எங்கள் பூசாரி முதல் கீறலுக்கே அன்றைக்கு இருந்த இரண்டு மந்திரங்களையும் செலவழித்துவிட்டார். பிறகு போர்வீரன் விழுந்தபோது அவர் கையில் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் பகடையைப் பார்த்தபடி நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் மயக்கம்தான், உடனே மரணமில்லை. அறுபதடி தூரத்திலிருந்து போனஸ் ஆக்‌ஷனில் சொல்லும் ‘ஹீலிங் வேர்ட்’ ஒன்றை விழுந்தவருக்காக வைத்திருக்கச் சொல்.

அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது? ஆட்டத்தின் நடுவில் சொல்லாதே. அங்கே அவன் வைத்ததுதான் தீர்ப்பு. தேநீரும் வர்க்கியுமாக உட்காரும்போது விதியைத் திறந்து, ரோக் பகுதியை இருவருமாகப் படியுங்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகும் உங்கள் வீட்டுக்கென்று ஏதாவது மாற்றி ஆட விரும்பினால் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் தோன்றினாலும், அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் உதகை கிளப்பில்தான்.

கடைசியாக, நான் ஏன் மாற்றாதே என்கிறேன் தெரியுமா? இரண்டாம் நிலையில் ரோக்குக்கு ‘கன்னிங் ஆக்‌ஷன்’ வருகிறது. டிஸ்என்கேஜ், ஓட்டம், ஒளிதல் மூன்றும் போனஸ் ஆக்‌ஷனாகிவிடும். ஓடிப் போய்க் குத்திவிட்டு, முதுகில் வெட்டு வாங்காமல் திரும்பி வரலாம். நீ இத்தனை நாளாகச் செய்ய முயன்றது அதைத்தான். அந்த நிலைக்கு ஆளுக்கு 300 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஒரு கோப்ளினுக்கு 50. அதை நால்வரும் பகிர்ந்துகொள்கிறீர்கள். கோப்ளின்களை மட்டுமே எண்ணினாலும் இருபத்து நான்கு. இதுவரை எத்தனை விழுந்திருக்கின்றன என்று அண்ணனின் குறிப்பேட்டைப் பார்த்து எனக்கு எழுது.