பிடித்தம் வேறு, கழிவு வேறு

கேள்வி: குன்னூரில் அரசுப் பணியில் இருக்கிறேன். 2025-26இல் 14 லட்சம் ரூபாய் சம்பளத்துக்குப் புதிய முறையில் 81,900 ரூபாய் வருமான வரி பிடித்தார்கள். ரிட்டன் போட்டுத் தரும் ஒருவர், டிடக்‌ஷன் காட்டி முழுத் தொகையையும் மீட்டுத் தருவதாகச் சொல்லி, அதில் 15 சதவீதம் கேட்கிறார். கோத்தகிரியில் உள்ள என் தேயிலை வருமானத்தையும் டிடக்‌ஷனில் சேர்க்கலாம் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். சம்பளத்திலிருந்து எடுப்பதும் டிடக்‌ஷன், வருமானத்தில் குறைத்துக் காட்டுவதும் டிடக்‌ஷன் என்று வருமான வரித் துறையே ஒரே சொல்லை எழுதி வைத்திருப்பது இத்தகைய ஆட்களுக்கு வசதியாகிவிட்டது. தமிழில் முன்னது பிடித்தம், பின்னது கழிவு. பிடித்தம் என்பது உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி. மழை நாளில் ஃபேக்டரிக்காரர்கள் ஈரத்துக்கென்று இலை எடையில் பிடிப்பதைப் போல அது போனது போனதுதான் என்றில்லை. உண்மையான வரி அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சம் திரும்பும்.

81,900 ரூபாயும் திரும்ப வேண்டுமானால் அவர் உங்களைப் பழைய முறைக்கு மாற்றி, வருமானத்தை அந்த முறையில் வரி வராத 5 லட்சத்துக்குள் கொண்டுவர வேண்டும். சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 50,000 போக, இன்னும் 8,50,000 ரூபாய்க்குக் கழிவு காட்டியாக வேண்டும். பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்தே உச்சவரம்பு 1,50,000 தான். மீதியை நீங்கள் கொடுக்காத கட்சி நன்கொடையாலும் குடியிருக்காத வீட்டு வாடகையாலும் நிரப்புவார். பிடிபட்டால் வரியும் வட்டியும் போக, வரியின் இரு மடங்கு வரை அபராதம் உண்டு. இவர்கள் தங்கள் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் பதிந்துவிடுவதால், நோட்டீஸ் வந்ததுகூட உங்களுக்குத் தெரியாமல் போகும். ஓ.டி.பி.யைச் சொன்னால் கையெழுத்துப் போட்டதாகத்தான் கணக்கு.

தேயிலை விஷயத்தில் அவர் சொன்னது தலைகீழ். பச்சை இலையை ஃபேக்டரிக்குப் போடுபவரின் வருமானம் முழுவதும் வேளாண் வருமானம். அதற்கு வருமான வரி இல்லை. ஊரில் எல்லோரும் பேசும் 60-40 கணக்கு, அதாவது 60 சதவீதம் வேளாண் வருமானம், 40 சதவீதத்துக்கு வரி என்பது, தானே பயிரிட்டுத் தூளாக்கி விற்பவருக்கானது. ஆனால் வரியில்லாத வருமானம் கழிவாகிவிடாது. சம்பளத்திலிருந்து அதைக் குறைக்க வழியே இல்லை. செலவு போக அது 5,000 ரூபாயைத் தாண்டினால், வரி விகிதம் பார்ப்பதற்காக மட்டும் சம்பளத்தோடு கூட்டுவார்கள். நிகரமாக 60,000 ரூபாய் வந்திருந்தால், இலைக்கு வரி இல்லாமலேயே உங்கள் சம்பள வரி 6,240 ரூபாய் கூடும். இப்படி ஒரு சுற்றுவழியை வைத்துவிட்டு, விவசாயிக்குப் புரியும்படி படிவத்தில் ஒரு வரிகூட எழுதாதவர்களை என்ன சொல்வது?

இலை வருமானம் 5,000ஐத் தாண்டினால் ரிட்டனுக்குச் சகஜ் எனப்படும் முதல் படிவம் (ஐ.டி.ஆர்.-1) செல்லாது. ஃபேக்டரி தந்த இலைப் பட்டியல், உர ரசீது, பறிகூலிக் கணக்கு ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் சொந்த எண்ணிலேயே இரண்டாம் படிவத்தை (ஐ.டி.ஆர்.-2) தாக்கல் செய்யுங்கள்.