மாடல் பெயரை வைத்துத் தேடியும் லேப்டாப் மதர்போர்டின் ஸ்கீமேட்டிக் (சர்க்யூட் வரைபடம்) கிடைக்கவில்லை, என்ன செய்வது?

மாடல் பெயரை விட்டுவிடுங்கள். ஒரே பெயரில் வெளிவந்த லேப்டாப்புகளுக்குள் வேறு வேறு போர்டுகள் இருக்கலாம். லேப்டாப்பில் யார் பெயர் இருந்தாலும், போர்டை வடிவமைத்தது பெரும்பாலும் காம்பால், குவான்டா, விஸ்ட்ரான், இன்வென்டெக் போன்ற தைவான் நிறுவனங்களில் ஒன்றாக இருக்கும். அவர்கள் போர்டிலேயே அச்சிட்டிருக்கும் எண்தான் உங்களுக்கு வேண்டும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ரேம் ஸ்லாட்டுக்கு அடியில், ஃபேன் ஓரத்தில் பாருங்கள். இல்லையென்றால் போர்டை வெளியே எடுத்துத் திருப்பித்தான் ஆக வேண்டும். ‘எல்ஏ-’ என்று தொடங்கினால் காம்பால், ‘டிஏ0’ என்றால் குவான்டா, ‘6050ஏ’ என்றால் இன்வென்டெக். ஆப்பிள் போர்டுகளில் ‘820-’ இருக்கும். பளிச்சென்று தெரிகிற ‘94வி-0’ மட்டும் வேண்டாம். அது தீப்பிடிக்கும் தன்மைக்கான தரக் குறியீடு, உலகத்தில் பாதி போர்டுகளில் இருக்கும்!

டெஸ்க்டாப் என்றால் இவ்வளவு பாடு இல்லை, பெயரைப் பெரிதாகவே அச்சிட்டிருப்பார்கள். லினக்ஸ் ஓடுகிற நிலையில் இருந்தால் டிஎம்ஐடிகோட் கட்டளையே சொல்லிவிடும். லேப்டாப்பில் அது காட்டும் பெயர் பல நேரம் போர்டில் உள்ள எண்ணாக இருக்காது.

எண்ணோடு ரிவிஷனையும் (போர்டின் எத்தனையாவது பதிப்பு என்பதை) குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கீமேட்டிக் ஃபைல் கிடைத்ததும் சார்ஜிங் ஐசி (சிப்), பெரிய காயில்கள் ஆகியவற்றின் பெயர்கள் போர்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம், ஸ்கீமேட்டிக்கில் இருக்கும் பாகம் போர்டில் இல்லையே என்று பதறாதீர்கள். தனி கிராபிக்ஸ் உள்ளது, இல்லாதது இரண்டுக்கும் ஒரே வரைபடம் போடுவது வழக்கம். பொருத்தாத பாகங்களுக்குப் பக்கத்தில் காம்பால் ‘@’ குறி போடும், விஸ்ட்ரான் ‘டிஒய்’ என்று எழுதும். மின்சாரம் போகும் தடங்களின் பெயரும் இப்படித்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: எப்போதும் இருக்க வேண்டிய 3.3 வோல்ட் காம்பாலில் ‘+3விஏஎல்டபிள்யூ’, குவான்டாவில் ‘+3விபிசியூ’.

எது எதோடு இணைகிறது என்பது ஸ்கீமேட்டிக்கில் தெரியும். அந்தப் பாகம் போர்டில் எங்கே இருக்கிறது என்பதற்கு போர்டுவியூ ஃபைல் வேண்டும். ஓப்பன்போர்டுவியூ என்ற இலவச மென்பொருள் பல வகை ஃபைல்களைத் திறக்கும். என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஸ்கீமேட்டிக்கைத்தான் எடுப்பேன்.

இரண்டுமே கிடைக்கவில்லையா? சரி, அதே நிறுவனம் அதே தலைமுறை பிராசசருக்குச் செய்த வேறொரு போர்டின் வரைபடத்தை எடுங்கள், பவர் பகுதி பெரும்பாலும் ஒத்திருக்கும். ஒத்துவராத இடத்தில் ஐசியின் மேல் உள்ள எழுத்துகளை வைத்து அதன் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பை) தேடுங்கள். அதில் மாதிரி சர்க்யூட் இருக்கும்.