மேனேஜர் ஆக்கினால் லாபமா? கடை நிர்வாகிகள் கேட்டவையும் பதில்களும்

தமிழ்நாட்டுக் கடைகளில் மேனேஜராக இருப்பவர்கள், ஆகப்போகிறவர்கள் சம்பளம், வேலை நேரம் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி (மதுரை, ஜவுளிக்கடை சூப்பர்வைசர்): இப்போ 20,500 ரூபாய் வாங்குறேன். ஃப்ளோர் மேனேஜர் ஆக்கி 22,000 தர்றோம்னு சொல்றாங்க. ஒத்துக்கலாமா சார்?

பதில்: 1,500 கூடுதே என்று உடனே கையெழுத்துப் போடாதீங்க. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிடையாது. உடனே நிற்காது, ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று அரையாண்டுக் கணக்கு, நடப்பு அரையாண்டு முடியும்வரை பிடித்தம் தொடரும். சட்டப்படியான போனஸுக்கும் வரம்பு அதே 21,000தான். அதற்கு மேலே போனால் தீபாவளிக்குக் கிடைப்பது முதலாளி மனசைப் பொறுத்தது. ஓ.டி.யும் (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) போகலாம். வீட்டில் வயசான அப்பா அம்மா இருந்தால் இ.எஸ்.ஐ. போவதுதான் பெரிய அடி. குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ், வருஷ போனஸ் இரண்டையும் ஆர்டரில் எழுதித் தரச் சொல்லுங்க. தரமாட்டேன் என்றால், என்னைக் கேட்டால் 25,000-க்குக் கீழே அந்தப் பதவி வேண்டாம்.

கேள்வி (கோவை, சூப்பர் மார்க்கெட்): காலை 9 மணிக்கு ஷட்டர் திறந்தா, ராத்திரி 10.30-க்குத்தான் கேஷ் டேலி பண்ணி பூட்டுறேன். ஓ.டி. கேட்டா, ‘நீ மேனேஜ்மென்ட் ஆளுப்பா’ங்கிறாங்க.

பதில்: 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. மிஞ்சினால் இரட்டைச் சம்பளம். ஆனால் 4-ஆம் பிரிவு நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களை விலக்கிவிடுகிறது. முதலாளிகள் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று அச்சடித்தால் மட்டும் போதாது. ஆள் எடுக்க, நீக்க, லீவு கொடுக்க உங்களால் முடிகிறதா? இல்லை, பில் போட்டு, ரேக் அடுக்கி, ஒரு ஆளுக்கு லீவு தரவே ஹெட் ஆபீஸுக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறீர்களா? அப்படியானால் நீங்களும் தொழிலாளிதான் என்று வாதாட இடம் இருக்கிறது. சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று முடிவுசெய்வது 51-ஆம் பிரிவின்படி தொழிலாளர் ஆணையர். அந்த வாட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்காதீங்க.

கேள்வி (திருச்சி): ஸ்டாக் ஆடிட்ல 18,000 ஷார்ட்டேஜ். என் சம்பளத்துல பிடிச்சுட்டாங்க.

பதில்: உங்கள் பொறுப்பில் ஒப்படைத்த சரக்கு, உங்கள் கவனக்குறைவால் நேரடியாகப் போனது என்றால்தான் பிடிக்கலாம். அதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்பு தரணும். பத்துப் பேர் கையாளும் ஃப்ளோருக்கு ஒருத்தர் தலையில் கட்டுவது அநியாயம். எழுத்தில் ஆட்சேபம் கொடுங்க. அடுத்த கடையில் சாவி வாங்கும் அன்றே ஸ்டாக் எண்ணி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்க.

கேள்வி (சேலம்): 30,000 சி.டி.சி.ன்னாங்க. கைக்கு 23,000 சொச்சம்தான் வருது. ஏமாத்துறாங்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, கைக்கு வரும் சம்பளம் அல்ல. அடிப்படை 15,000 என்று வைத்துக்கொண்டால், முதலாளி பங்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) செலவு 1,950, கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்குவது 721, டார்கெட் அடித்தால் மட்டும் வரும் இன்சென்டிவ் 2,500. இவை போக 24,829. அதில் உங்கள் பி.எஃப். 1,800 போனால் 23,029. சேரும் முன்பே ‘கைக்கு எவ்வளவு’ என்று கேளுங்க.

கேள்வி (சென்னை தி.நகர்): சேல்ஸ் பொண்ணுங்க உட்கார்ந்தா ஓனர் என்னைத் திட்டுறார்.

பதில்: ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே சட்டம் திருத்தியாச்சு. ஸ்டூல் வாங்கிப் போடுங்க. இன்ஸ்பெக்டர் வந்தால் மாட்டுவது ஓனர்தான் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்க.

கேள்வி (நெல்லை): 7 வருஷம் முடிச்சு ரிசைன் பண்றேன். மேனேஜருக்கு கிராஜுவிட்டி உண்டா?

பதில்: உண்டு. கடையில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் மேனேஜர், ஹெல்பர் பேதமே கிடையாது. கடைசி அடிப்படைச் சம்பளம், டி.ஏ. (அகவிலைப்படி) சேர்த்து 20,000 என்றால், அதை 15-ஆலும் 7-ஆலும் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 80,769 ரூபாய். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கோங்க. 30 நாளில் தரணும், தாமதித்தால் வட்டியும் சேரும்.