கோட்டுப் பையில் ஒரு பேட்டரி: ‘சிக்கேனரி’ அத்தியாயம் குறித்த கேள்விகளும் பதில்களும்

‘பெட்டர் கால் சால்’ தொடரின் மூன்றாம் சீசனில் ஐந்தாவது அத்தியாயமான ‘சிக்கேனரி’யைப் பார்த்த நண்பர்கள் சிலர், சிங்கப்பூர் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதாலும், இந்தத் தொடரை முழுமையாக இருமுறை பார்த்தவன் என்பதாலும், தங்கள் ஐயங்களை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் குற்றவாளிகளின் வழக்கறிஞராக வரும் சால் குட்மேன், அந்தப் பெயரைச் சூடுவதற்கு முன்பு ஜிம்மி மெக்கில் என்ற சாதாரண வழக்கறிஞராக வாழ்ந்த காலத்தைச் சொல்லும் முன்கதைத் தொடர் இது. 8 மே 2017 அன்று முதன்முதலாக ஒளிபரப்பான இந்த அத்தியாயத்தில், ஜிம்மியின் வழக்கறிஞர் உரிமத்தைப் பறிப்பதா வேண்டாமா என்று விசாரணை நடக்கிறது. அவருக்கு எதிரான முதன்மைச் சாட்சி, அவருடைய சொந்த அண்ணன் சக்; மின்சாரம் அருகில் இருந்தாலே தன் உடல் வலிக்கும் என்று நம்புபவர். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது, ஏனெனில் பதில்களில் எதையும் மறைக்க முடியவில்லை.

ஈசூனிலிருந்து ஓர் ஆசிரியை: ‘சிக்கேனரி’ என்ற தலைப்பை நீங்கள் தமிழில் எப்படி மொழிபெயர்ப்பீர்கள்?

‘தகிடுதத்தம்’ என்றுதான் சொல்வேன். ‘சூழ்ச்சி’ என்றால் அரண்மனை வாடை வீசுகிறது. ‘மோசடி’ என்றால் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண் நினைவுக்கு வருகிறது. சட்டத்தின் எழுத்தை மீறாததுபோல் காட்டிக்கொண்டே காரியத்தைச் சாதிக்கும் கைவேலைக்குத் தகிடுதத்தம்தான் சரியான சொல். அத்தியாயத்தில் இந்தச் சொல்லை உச்சரிப்பவர் சக் என்பதைக் கவனியுங்கள்: தம்பி இதைவிடவும் மோசமானவற்றைச் செய்திருக்கிறான் என்று கத்தும்போது அது அவர் வாயிலிருந்து வருகிறது.

தெம்பனீஸிலிருந்து ஒரு வாசகர்: ஒலிநாடாவை வைத்துக்கொண்டு இரு தரப்பும் ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கின்றன? எனக்குப் பாதி புரியவில்லை.

இரண்டாம் சீசனில் மெசா வெர்டே வங்கியின் புதிய கிளைக்கான ஆவணங்களில் 1216 என்ற கதவு எண்ணை ஜிம்மி 1261 என்று மாற்றிவிடுகிறார். தவறு சக்கின் தலையில் விழுகிறது. வங்கி அவரை விட்டு, ஜிம்மியின் காதலியான வழக்கறிஞர் கிம்மிடம் திரும்புகிறது. தான் தவறு செய்யவில்லை என்பதை அறிந்த சக், மனமுடைந்தவர்போல் நடித்து, தம்பியின் வாயாலேயே உண்மையை வரவழைத்து ரகசியமாக ஒலிப்பதிவு செய்கிறார். அந்த நாடாவை உடைப்பதற்காக ஜிம்மி அண்ணன் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்ததுதான் குற்றச்சாட்டு. சக் ஒரு நகலை வைத்திருப்பார் என்று கிம்மும் ஜிம்மியும் முன்பே கணித்துவிடுகிறார்கள். எனவே அவர்கள் நாடாவை எதிர்ப்பதற்குப் பதிலாக, ‘ஆமாம், அப்படிச் சொன்னேன், நோயுற்ற அண்ணனைத் தேற்றுவதற்காகச் சொன்னேன்’ என்ற இடத்திற்கு விசாரணையை நகர்த்துகிறார்கள். அதன்பிறகு நாடாவில் இருப்பது உண்மையா என்ற கேள்வி பின்னுக்குப் போய், சக்கின் புத்தி தெளிவாக இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிடுகிறது.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு தாயார்: ஐயா, என் மகன் சக் பொய்யர் என்கிறான், நான் பாவம் என்கிறேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு நாளாக இதே பேச்சு. பேட்டரியைக் கண்டதும் அவர் ஏன் அப்படி வெடித்தார்?

முதலில் உங்கள் மகனுக்கு: அந்தக் கூண்டில் சக் சொன்னவற்றில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எண்களை மாற்றியவர் ஜிம்மி. ஆவணத்தைத் திருத்தியவர் ஜிம்மி. சிறுவயதில் அப்பாவின் கடைக் கல்லாவில் கை வைத்தவரும் ஜிம்மிதான். 1216 என்ற எண்ணைத் தான் ஒருபோதும் தவறாக எழுதியிருக்க முடியாது, அது மாக்னா கார்ட்டா சாசனம் கையெழுத்தான 1215க்கு அடுத்த ஆண்டு என்று அவர் சொல்லும் வாதமும், சட்ட வரலாற்றிலேயே ஊறிய ஒருவருடைய உண்மையான வாதம்.

இப்போது உங்களுக்கு. பேட்டரியைக் கண்டதும் அவர் வெடித்தார் என்றுதான் பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்தக் காட்சியை மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். ஜிம்மி தன் கைப்பேசியை எடுத்துக் காட்டுகிறார். அதில் பேட்டரி இல்லை என்று சக் மிடுக்காகச் சொல்கிறார். அப்படியானால் உங்கள் கோட்டின் மார்புப் பையைப் பாருங்கள் என்கிறார் ஜிம்மி. சக் விரல்களை உள்ளே விட்டு, நெருப்புத் துண்டைத் தொட்டவர்போல் அதை எடுத்துத் தரையில் எறிகிறார். 1 மணி 43 நிமிடங்களாக அது அங்கே இருந்திருக்கிறது, அவருக்கு எந்த வலியும் ஏற்படவில்லை. அவர் தடுமாறுகிறார், உண்மைதான். ஆனாலும் இன்னும் வெடிக்கவில்லை. அப்போது வழக்கறிஞர் மன்றத்தின் சார்பில் வாதாடுபவர், அதாவது சக்குக்கு உதவ வேண்டியவர், எழுந்து, இவருடைய மனநோய் இங்கே பொருட்டல்ல, இவர் மனச்சிதைவு நோயாளியாகவே இருந்தாலும் எதிர்த்தரப்பின் குற்றம் குற்றம்தான் என்கிறார். சட்டப்படி மிகச் சரியான வாதம்! அந்த ஒரு சொல்லில்தான் அணை உடைகிறது.

நான் பணியில் இருந்தபோது ஒரு கடன் தகராறில் ஒரு சிறு வியாபாரிக்காக மொழிபெயர்த்தேன். சாட்சி ‘நான் வாங்கவில்லை’ என்றால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான் வாங்கவில்லை’ என்று தன்மை இடத்திலேயே சொல்ல வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. ஆகையால் அவருடைய கோபமும் என் வாய் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அவருடைய கணக்கேடுகள் அனைத்தும் ஒழுங்காக இருந்தன. அவரைச் சினமூட்டியது எதிர்த்தரப்பின் கேள்வி அன்று. அவருடைய வழக்கறிஞரே அவருக்குச் சாதகமாக, ‘வயதாகிவிட்டதால் சற்று மறதி’ என்று போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை. உடனே எதிர்த்தரப்பில் இருந்த சித்தப்பா மகன் இருபது ஆண்டுகளாகச் செய்ததையெல்லாம் அவர் கொட்டத் தொடங்கினார், நானும் குரலை உயர்த்தாமல் வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் நீதிபதியின் பேனா நின்றது எனக்குத் தெரிந்தது. அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை என்று இன்றும் நம்புகிறேன். சக் பேசி முடித்ததும் மூவர் குழுவின் முகங்களைக் காமிரா காட்டும்போது, எனக்கு அந்தப் பேனாதான் நினைவுக்கு வந்தது.

செங்காங்கிலிருந்து ஒரு தாதி: மின்சார ஒவ்வாமை என்று ஒரு நோய் உண்மையிலேயே உண்டா?

தலைவலி, தோல் எரிச்சல், களைப்பு போன்ற துன்பங்கள் உண்மையானவை. ஆனால் அவற்றை மின்காந்தப் புலத்தோடு இணைப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட குறிப்பில் சொல்லியிருக்கிறது. மின்புலம் இயங்குகிறதா இல்லையா என்பதைத் தெரிவிக்காமல் நடத்தப்பட்ட சோதனைகளில், பாதிக்கப்பட்டோரால் அதைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. மருத்துவத் துறையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜிம்மி செய்ததும் அதே சோதனைதான், நோயாளியின் ஒப்புதல் மட்டும் இல்லை.

பிடோக்கிலிருந்து ஒரு மாணவர்: அமெரிக்கத் தொடர் என்கிறார்கள், ஜூரி எங்கே?

இது குற்ற வழக்கன்று, தொழில் ஒழுங்கு விசாரணை. அதனால் மூவர் குழு மட்டுமே. நம் ஊரில் கொலை வழக்குக்கும் ஜூரி கிடையாது, 1969ஆம் ஆண்டோடு அந்த முறை முற்றிலும் ஒழிக்கப்பட்டுவிட்டது.

தோ பாயோவிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, எத்தனை கெட்டவனாக இருந்தாலும் கூடப் பிறந்தவனை அண்ணனே சந்திக்கு இழுக்கலாமா? எங்கள் காலத்தில் வீட்டுக்குள் வைத்துத் தீர்ப்போம்.

அண்ணே, நம்மவர்களில் பலருடைய முதல் எதிர்வினை இதுவாகத்தான் இருக்கிறது. அதில் நியாயமும் உண்டு: வீட்டை விட்டு வெளியே வராத சக்குக்கு ஐஸ்கட்டி, மளிகை, செய்தித்தாள் என்று எல்லாவற்றையும் சுமந்துபோய்க் கொடுத்தவர் ஜிம்மி. அஞ்சல்வழியில் படித்து வழக்கறிஞரான தம்பியைத் தன் நிறுவனத்தில் சேர்க்கவிடாமல் பின்னாலிருந்து தடுத்தவர் சக், அதையும் கூட்டாளி ஹோவர்ட் செய்ததுபோல் நாடகமாடியவர். ஆனால் நீங்கள் சொல்லும் ‘வீட்டுக்குள் தீர்ப்பது’ என்பது பெரும்பாலும் ஒருவர் வாயை மூடிக்கொள்வதில்தான் போய் முடிகிறது. அப்பாவின் கல்லாவில் கை வைத்த விஷயத்தில் சக்கின் குடும்பம் அப்படித்தான் மூடியது. ‘நம்ம ஜிம்மி அப்படிச் செய்யமாட்டான்’ என்று வீட்டில் சொல்லப்பட்டதை அவர் அத்தனை ஆண்டுகள் கழித்தும் அதே தொனியில் சொல்லிக்காட்டுகிறார் பாருங்கள். கூண்டில் நிற்பவருக்கு அறுபது வயது இருக்கலாம், அழுவது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்.

பொங்கோலிலிருந்து ஒரு வாசகி: பேட்டரியை விட, முன்னாள் மனைவியை வரவழைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் மட்டுந்தானா?

நீங்கள் மட்டுமில்லை. அத்தியாயம் ஏன் ஒரு பழைய இரவு விருந்தோடு தொடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். தன் நோய் ரெபெக்காவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக மின்தடை என்று பொய்க்கதை கட்டுகிறார் சக், உடந்தையாக இருப்பவர் இதே ஜிம்மி. அவளுடைய கைப்பேசி ஒலித்ததும் சக் அதைத் தட்டிவிடுகிறார், அப்போதும் காரணத்தைச் சொல்வதில்லை. அண்ணன் உலகத்திலேயே யார் முன்னால் தலைகுனிய அஞ்சுகிறார் என்பதை நம்பிக்கையின் பேரில் தெரிந்துகொண்ட தம்பி, அவளையே விசாரணை அறையின் இருக்கையில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். பேட்டரி வெறும் பொருள். இது பகிர்ந்துகொண்ட ரகசியத்தை ஆயுதமாக்குவது. அடுத்த அத்தியாயத்தில் சக்குக்கு உதவி செய்யும்படி ரெபெக்கா கெஞ்சும்போது ஜிம்மி மறுத்துவிடுகிறார். நான் ஜிம்மியைக் கைவிட்டது அந்த இடத்தில்தான்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர்: இவர் கடைசியில் சால் ஆகப்போகிறார் என்பது தெரிந்த பிறகு, உரிமம் போகுமா என்று பதறுவதற்கு என்ன இருக்கிறது? முன்கதை என்றாலே எனக்கு அலுப்பு.

உரிமம் போகாது என்பது நமக்குத் தெரியும் என்பதை எழுதியவர்களும் அறிவார்கள்; அதனால்தான் அவர்கள் அந்தப் பதற்றத்தை நம்பவில்லை. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் சக் என்று ஒருவரும் கிடையாது, கிம்மும் கிடையாது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் நம் பதற்றம், ஒவ்வொரு வெற்றியிலும் ஜிம்மி எதைத் தொலைக்கிறார் என்று நாம் கணக்குப் பார்க்கிறோம். இந்தச் சீசன் முடிவதற்குள் சக் உயிரோடு இல்லை.

முன்கதை எழுதுவோர் வழக்கமாகச் செய்யும் சில்லறை வேலை, தெரிந்த முகங்களை வாசலில் நிறுத்திக் கைதட்டல் வாங்குவது. இங்கே ஹ்யூவெல் வருவதைப் பாருங்கள். படிக்கட்டில் சக்கை இடித்துக்கொண்டு போகும் அந்தப் பருத்த மனிதர், ‘பிரேக்கிங் பேட்’டில் ஜெஸ்ஸியின் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியைக் களவாடியவர். பையிலிருந்து எடுக்கத் தெரிந்த விரல்களுக்குப் பையில் வைக்கவும் தெரியும் அல்லவா? பழைய தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த இடிபடும் நொடியிலேயே முதுகு நிமிர்ந்துவிடும், பார்க்காதவர்களுக்கும் எதுவும் குறையாது.

ஜூரோங்கிலிருந்து ஒரு சட்டத்துறை எழுத்தர்: இதே விசாரணை சிங்கப்பூரில் நடந்திருந்தால்?

வழியே வேறாக இருந்திருக்கும். புகார் வழக்கறிஞர் சங்கத்துக்குப் போய், விசாரணைக் குழு ஆராய்ந்து, கடுமையானதாக இருந்தால் ஒழுங்கு நடுவர் மன்றத்துக்கும், அங்கிருந்து மூன்று நீதிபதிகளின் அமர்வுக்கும் செல்லும். பட்டியலிலிருந்து பெயரை நீக்கலாம், ஐந்து ஆண்டுகள் வரை தொழில் செய்யத் தடை விதிக்கலாம், 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், கண்டிக்கலாம். ஜிம்மிக்குக் கிடைத்தது பன்னிரண்டு மாதத் தடை மட்டுமே. அதோடு, நீதிமன்றத்துக்கு வழக்கறிஞர் ஆற்ற வேண்டிய கடமை கட்சிக்காரருக்கு ஆற்றும் கடமைக்கும் மேலானது. சாட்சியின் பையில் ஆள் வைத்துப் பொருளைப் போட்டது தெரியவந்தால், அதற்கே தனியாக ஒரு புகார் எழும். இன்னொன்று: தடைக்காலத்தில் விற்க முடியாத தொலைக்காட்சி விளம்பர நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடும்போதுதான் ‘சால் குட்மேன்’ என்ற பெயரை அவர் முதன்முதலாகத் திரையில் பயன்படுத்துகிறார். அந்தப் பெயரை அவருக்குப் பெற்றுத் தந்தது அண்ணனின் சாட்சியம்தான்.

அங் மோ கியோவிலிருந்து ஒரு நடிகர்: சக்காக நடித்த மைக்கேல் மெக்கீனுக்கு விருது கிடைத்ததா?

அந்த ஆண்டு எம்மி விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்படக்கூட இல்லை. தொடர் மொத்தம் 53 முறை பரிந்துரைக்கப்பட்டு ஒருமுறையும் வெல்லவில்லை என்பதோடு சேர்த்துப் பார்த்தால், எரிச்சல்பட நேரம் போதாது.

ஈசூன் ஆசிரியை மீண்டும்: கடைசியில் சுவரில் இருக்கும் விளக்கை ஏன் காட்டுகிறார்கள்?

சக்குக்காக அறையின் விளக்குகளை அணைத்து, கைப்பேசிகளை வெளியே வாங்கி வைத்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது, வெளியேறும் வழியைக் காட்டும் அந்தச் சிவப்புப் பலகை. எண்ண ஓட்டம் தடைபட்டுவிட்டது, மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டுச் சக் அமர்ந்திருக்கிறார். மதுரை அவையில் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் வழக்கு அவள் பக்கம் முடிந்தது; இங்கே பையிலிருந்து விழுந்த பொருளோ உண்மை பேசியவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. காலையிலிருந்து தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த அந்தப் பலகையின் ரீங்காரம் இப்போதுதான் அவருக்குக் கேட்கத் தொடங்குகிறது.